சிவனை அறியாமல் சிவனைக் கும்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதோஷம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து பேசும்போதும் சித்தாந்த வகுப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சைவ சித்தாந்தத்தின் வழியிலும் சைவப் பாடல் தொகுப்பான பன்னிரு திருமுறையின் வழியிலும் அமைந்தவை. மற்ற சமயத்தார் வேறு மாதிரி சொல்லலாம். அவர்கள் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை.

கடவுளை உண்மையாக அறியாமல் அவரை வழிபட முடியுமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முடியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அறிந்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்றால் கோயிலில் குருக்களும் ஓதுவாரும்கூட மிஞ்சுவார்களா என்பது சந்தேகம்தான்.

"அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பாடுகிறார். கும்பிட வேண்டும் என்று தோன்றுவதே அவன் போட்ட பிச்சை என்பது அவர் கருத்து. ஆகவே அறிவு வந்த பிறகு வழிபாடு என்ற வரிசை இங்கே கிடையாது. அதற்காக, "அறியவே வேண்டாம், கும்பிட்டால் போதும்" என்று சைவம் சொல்வதும் இல்லை. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவை.

"எனக்கு ஒன்றும் தெரியாது, நான் எப்படிக் கும்பிடுவது?" என்று தயங்குகிறவருக்கு என்ன சொல்வீர்கள்?

இதே கேள்வியைச் சுந்தரர் சிவனிடமே கேட்டிருக்கிறார்.

அவருடைய திருமண நாள். மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். கையில் ஓலை. "உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ என் அடிமை" என்கிறார். சுந்தரருக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. "நீ பித்தனா?" என்று கேட்கிறார்; ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் விடவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தும் விடுகிறார். "சரி, உம்முடைய வீடு எங்கே, காட்டும்" என்று கேட்டால், அருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். வந்தவர் யார் என்பது அப்போதுதான் சுந்தரருக்குப் புரிகிறது.

பிறகு சிவன் சொல்கிறார்: நமக்குப் பாட்டுத்தான் அர்ச்சனை, பாடு. அதற்குச் சுந்தரர் சொன்ன பதிலைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் இப்படி வைக்கிறார்: "உன் குணப்பெருங்கடலை நாயேன் யாதினை அறிந்து என் சொல்லிப் பாடுகேன்." எதைத் தெரிந்துகொண்டு, எதைச் சொல்லிப் பாட?

உட்கார், என் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன் என்று சிவன் பாடம் எடுக்கவில்லை. முன்பு என்னைப் பித்தன் என்றாய் அல்லவா, அதையே என் பெயராக வைத்துப் பாடு என்கிறார். "பித்தா பிறைசூடீ" என்று ஏழாம் திருமுறை தொடங்குவது அப்படித்தான். ஆள் தெரியாமல், அதுவும் ஆத்திரத்தில் விழுந்த வசைச்சொல் சுந்தரருடைய முதல் தேவாரத்தின் முதல் சொல் ஆகிவிட்டது.

எனவே தயங்குகிறவரிடம் நான் சொல்வது: உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அது அரைகுறையாகவோ தப்பாகவோ இருந்தாலும் பரவாயில்லை. சுந்தரருக்கு அவ்வளவுகூடத் தெரிந்திருக்கவில்லை.

கண்ணப்பர் ஒன்றும் தெரியாமல் கும்பிட்டவர்தானே? பிறகு அறிவு எதற்கு?

இந்த உதாரணத்தைச் சொல்லாத சொற்பொழிவே இல்லை. ஆனால் பெரியபுராணத்தை எடுத்துப் படித்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

திண்ணன் பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேட்டுவர் தலைவன் நாகனின் மகன். முதல் வேட்டையில் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலை தெரிகிற இடத்துக்கு வந்துவிடுகிறான். கூட நாணன், காடன் என்று இரண்டு பேர். மலையைப் பார்த்து அங்கே போகலாமா என்று கேட்டதும் நாணன் சொல்கிறான்: "குடுமித்தேவர் இருப்பர், கும்பிடலாம்." நாணன் ஏற்கெனவே நாகனோடு வந்து பார்த்தவன். ஒரு பார்ப்பான் தண்ணீர் ஊற்றி, பச்சிலை போட்டு, ஏதோ சொல்லி, உணவும் படைத்ததை நினைவு வைத்திருக்கிறான். அதாவது தகவல் எல்லாம் நாணனிடம் இருக்கிறது. திண்ணனிடம் ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: மலையை நெருங்க நெருங்கத் தன்மேல் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருக்கிறது, நெஞ்சு முந்திக்கொண்டு ஓடுகிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, வாயில் போட்டு மென்று பார்த்து, பதமானதை மட்டும் தேக்கிலைக் கல்லையில் (தொன்னையில்) எடுத்து வைக்கிறான். பொன்முகலி ஆற்று நீரை வாயில் நிரப்பிக்கொள்கிறான். பூவைத் தலையில் செருகிக்கொள்கிறான். ஏற்கெனவே சாத்தியிருந்த பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டு, வாய்நீரை உமிழ்ந்து, தலைப் பூவைச் சாத்தி, இறைச்சியை வைத்து "சாப்பிடுங்கள்" என்கிறான். இரவு முழுக்கக் கையில் வில்லோடு நின்று காவல் காக்கிறான். அவன் இறைச்சியை மென்று வைப்பதைப் பார்த்ததுமே நாணன், பையனுக்குச் சாமி மயக்கம் பிடித்துவிட்டது என்று அப்பனிடம் சொல்ல ஓடிவிட்டான்.

காலையில் பூசை செய்ய வரும் அந்தணர் சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் பார்த்துத் துடிக்கிறார். சுத்தம் செய்து, பூசை செய்துவிட்டுப் போகிறார். அன்றும் அதே கதை. தாங்க முடியாமல் சிவனிடமே முறையிடுகிறார். கனவில் சிவன் வந்து சொல்லும் பதில்தான் முக்கியம்:

"அவனுடைய வடிவு எல்லாம் நம்பக்கல் அன்பு என்றும்
அவனுடைய அறிவு எல்லாம் நமை அறியும் அறிவு என்றும்
அவனுடைய செயல் எல்லாம் நமக்கு இனியவாம் என்றும்"

இரண்டாம் அடியைப் பாருங்கள். "அவனுக்கு அறிவு இல்லை, பாவம், அன்பு மட்டும் இருக்கிறது, மன்னித்துவிடு" என்று சிவன் சொல்லவே இல்லை. அவனுடைய அறிவு முழுவதும் நம்மை அறியும் அறிவு என்கிறார். கண்ணப்பருக்குத் தெரியாதது பூசைமுறை. சிவனைத் தெரியாது என்று சேக்கிழார் எங்கும் எழுதவில்லை. மலையில் இருந்த மூன்று பேரில் தகவல் தெரிந்தவன் நாணன், விதி தெரிந்தவர் சிவகோசரியார், சிவனைத் தெரிந்தவன் திண்ணன். "கண்ணப்பரைப் போல ஒன்றும் தெரியாமல் கும்பிட்டால் போதும்" என்று நாம் சொல்லும்போது நம்மை நாணனோடுகூட ஒப்பிட முடியாது என்பதை மறந்துவிடுகிறோம். நாணனாவது அன்றைக்குக் காட்டுப் பாதையில் வழி காட்டினான்.

அப்படியானால் சிவகோசரியார் செய்த ஆகம பூசை வீண் என்று ஆகிறதே?

இல்லை. கதையை அப்படி முடித்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, சாஸ்திரிகளைக் கிண்டல் செய்ய வசதியாக இருப்பதால்.

சிவன் அவருடைய பூசையை ஒரு நாளும் தள்ளவில்லை. கனவில் வந்து விளக்கம் சொன்னது அவருக்குத்தான். திண்ணனுக்கு யாரும் கனவில் வரவில்லை. ஆறாம் நாள் ஒளிந்திருந்து பார், அவன் அன்பைக் காட்டுகிறேன் என்று அவரை வரச்சொல்கிறார். லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம் வழிவதும், பச்சிலை பிழிந்தும் நிற்காமல் "ஊனுக்கு ஊன்" என்ற பேச்சு நினைவு வந்து திண்ணன் தன் கண்ணை அம்பால் இடந்து அப்புவதும், இடக்கண்ணிலும் ரத்தம் வந்தபோது அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு அடுத்த கண்ணையும் எடுக்கப் போவதும், "கண்ணப்ப நிற்க" என்று ஒரு கை வந்து தடுப்பதும் எல்லாம் சிவகோசரியார் பார்க்கத்தான் நடக்கின்றன. விதி தெரிந்த ஒருவருக்கு அன்பைக் கற்றுக்கொடுக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்றால், அவர் வேண்டாதவர் என்று எப்படிச் சொல்வது?

அன்பும் இல்லை, அறிவும் இல்லை. ஏதோ பழக்கத்தில் கோயிலுக்குப் போகிறேன். அதற்குப் பலன் உண்டா?

உண்டு என்றுதான் சைவம் சொல்கிறது. சாட்சிக்கு ஒரு எலி இருக்கிறது.

திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், கோயில் விளக்கு அணையப் போகிறது. நெய் குடிக்க வந்த எலியின் மூக்கில் சுடர் சுட, அது துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிகிறது. அந்த எலிதான் மறுபிறப்பில் மாபலிச் சக்கரவர்த்தி என்பது தலபுராணம். "கறைநிறத்து எலிதன் மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட" என்று அப்பரே திருக்குறுக்கைப் பதிகத்தில் பாடியிருக்கிறார். எலிக்குப் பக்தி கிடையாது. பசியும் சூடுபட்ட மூக்கும்தான்.

இதைச் சித்தாந்தத்தில் அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்பார்கள். தெரியாமல் நடந்துவிட்ட நல்லது. தெரிந்து செய்வது புத்திபூர்வம். முதலாவது இரண்டாவதற்குக் கொண்டுபோய் விடும். ஆனால் எலிக்கு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள்: மண்ணும் விண்ணும் ஆளும் அரசு. வீடுபேறு இல்லை. மாபலியாகப் பிறந்த பிறகும் அவனுக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது மிச்சம் இருந்தது. பழக்கத்தில் போகிறவர் போய்க்கொண்டே இருக்கட்டும், நிறுத்த வேண்டாம். அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கஷ்டம் வந்தால்தான் கோயில் ஞாபகம் வருகிறது. இது வழிபாடா, வியாபாரமா?

அப்பர் வந்ததே வயிற்று வலியால்தான். சமணத்தில் தருமசேனராகப் பெரிய பெயரோடு இருந்தவர். சூலைநோய் வந்து, மருந்தும் மந்திரமும் கேட்காமல், இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார். அக்கா திருநீறு கொடுத்துத் திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப்போக, பாடிய முதல் பதிகம் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". அதில் பாதி, வலி தாங்கவில்லை என்ற கதறல்தான்.

நோய் தீர்ந்ததும் அவர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. உழவாரப் படையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். வியாபாரமா இல்லையா என்பது வலி தீர்ந்த மறுநாள் தெரிந்துவிடும்.

முதலில் கடவுளை அறிய முடியுமா? அறியவே முடியாத ஒன்றை அறிந்து கும்பிடு என்றால் என்ன நியாயம்?

நல்ல கேள்வி. வகுப்பில் யாராவது இதைக் கேட்டால் அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் 12 சூத்திரங்கள்தான். அதில் ஆறாம் சூத்திரம் முழுக்க இதைப் பற்றியது. சுருக்கம் இது: நம் அறிவுக்குள் அடங்குகிற பொருள் எதுவும் மாறும், அழியும். அதை அசத்து என்பார்கள். கடவுள் அப்படி அடங்கினால் அவரும் அசத்து ஆகிவிடுவார். எந்த வகையிலும் அறியவே முடியாது என்றால், அப்படி ஒன்று இருப்பதும் இல்லாததும் ஒன்று. எனவே இரண்டும் இல்லை. நம் அறிவால் சுட்டி அறிய முடியாதவர், ஆனால் அவருடைய அருளால் அறியப்படுபவர். அதைச் சிவசத்து என்கிறது சூத்திரம்.

படித்தும் கேட்டும் கண்டும் வருவது பாசஞானம். "நான் அறிகிறேன்" என்று உயிர் தன்னையே முதலாக வைத்துக்கொள்வது பசுஞானம். இரண்டாலும் அவரை எட்ட முடியாது. அவர் காட்டக் காண்பது பதிஞானம். அப்பர் இதையே பாட்டாகச் சொல்லிவிட்டார்: அவன் அருளே கண்ணாகக் கண்டால் அல்லாது, இந்த நிறத்தவன், இந்த வண்ணத்தவன், "இவன் இறைவன் என்று எழுதிக் காட்டொணாதே."

ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி காரைக்கால் அம்மையார். அற்புதத் திருவந்தாதியில் ஒரு வெண்பா:

"அன்றும் திருவுருவம் காணாதே ஆட்பட்டேன்
இன்றும் திருவுருவம் காண்கிலேன் – என்றும்தான்
எவ்வுருவோன் நும்பிரான் என்பார்கட்கு என்னுரைக்கேன்
எவ்வுருவோ நின்னுருவம் ஏது"

அடிமையான அன்றைக்கும் உன் உருவத்தைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை. உங்கள் சாமி எப்படி இருப்பார் என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? இதைப் பாடுகிறவர் யார் என்று யோசியுங்கள். சிவன் வாயால் "அம்மையே" என்று அழைக்கப்பட்டவர், கயிலைக்குத் தலையால் நடந்தவர். அவரே, சிவன் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது என்கிறார். வணங்குவதை அதற்காக நிறுத்தவும் இல்லை. அதே அந்தாதியில் இன்னொரு இடத்தில் "அறிவானும் தானே அறிவிப்பான் தானே" என்று பாடுகிறார். அறிகிற வேலையையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டார்.

நாமோ இரண்டு புத்தகம் படித்துவிட்டு, கோயிலில் நிற்கிறவனைப் பார்த்து "இவனுக்கு என்ன தெரியும்" என்கிறோம்.

பொருள் தெரியாமல் மந்திரமும் தேவாரமும் சொல்லலாமா?

சொல்லலாம். ஐந்தெழுத்தைப் பற்றிச் சம்பந்தர் "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி ஓதுவார் தமை நன்னெறிக்கு உய்ப்பது" என்றுதான் தொடங்குகிறார். அங்கே பொருள் பற்றிப் பேச்சே இல்லை, கசிவு பற்றித்தான் பேச்சு.

ஆனால் சிவபுராணத்தின் கடைசியில் மாணிக்கவாசகர் வேறு ஒன்று சொல்கிறார்: "சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார் செல்வர் சிவபுரத்தின் உள்ளார் சிவன் அடிக்கீழ்." பொருள் உணர்ந்து சொன்னால்தான் அந்த இடம். சிவபுராணத்தை மனப்பாடமாக, மூச்சு விடாமல், பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒப்பிக்கிறவர்கள் இந்த வரியையும் அதே வேகத்தில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

தமிழில் உள்ளதற்காவது பொருள் தெரிந்துகொள்ளாமல் இருக்கச் சாக்கு இல்லை. பூசை முடிவில் ஓதுவார் பஞ்சபுராணம் பாடும்போது, பாதிக் கூட்டம் பிரசாத வரிசைக்குப் போய்விடுகிறது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தே பாட்டு. பத்து நிமிஷம்கூட ஆகாது. நின்று கேட்டு, அதில் ஒரு பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய்ப் பொருள் பார்த்தால், ஒரு வருஷத்தில் எவ்வளவோ சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் குலதெய்வமும் மாரியம்மனும்தான். சிவனை நாங்கள் அறியவே இல்லை என்று ஆகுமா?

சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சொன்ன பதில் இது: "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்." நீங்கள் எந்தத் தெய்வத்தை வைத்துக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாக அங்கே வருகிறவர் அம்மையப்பர்தான்.

மேடைகளில் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள், கைதட்டல் வரும். பாட்டு அங்கே முடியவில்லை. மற்றத் தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், வேதனைப்படும், வினை செய்யும். அவை இல்லாத சிவன்தான் "அறிந்து அருள் செய்வன்" என்று போகிறது. எல்லாம் ஒன்றுதான் என்ற சமரசப் பேச்சு இல்லை அது. சித்தாந்தி தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார். குலதெய்வத்தை வழிவழியாகக் கும்பிடுகிறவருக்கு இது உறுத்தலாம், அது நியாயம்தான். ஆனால் அந்த "அறிந்து" என்பதைக் கவனியுங்கள். கும்பிடுகிறவர் யாரை அறிந்தார் என்று பாட்டு கணக்கு எடுக்கவில்லை. கும்பிடப்படுகிறவர் இவரை அறிந்திருக்கிறார் என்கிறது. பொங்கல் வைக்கிற கிராமத்துப் பாட்டிக்குச் சித்தாந்தம் தெரியாமல் இருக்கலாம். பாட்டியைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

சண்டிகேசுவரர் முன்னால் கைதட்டுவது, நந்தி காதில் சொல்வது மாதிரியான பழக்கங்கள்?

சண்டிகேசுவரருக்குக் காது கேட்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் அந்த மூலையில் பட் பட் என்று சத்தம். வேட்டியிலிருந்து நூல் உருவிப் போடுகிறவர்களும் உண்டு.

அவர் சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து பால் ஆட்டிக்கொண்டிருந்த சிறுவன். பால் குடத்தை அப்பா எச்சதத்தன் காலால் இடறியபோது, எடுத்த கோல் மழுவாக மாறி அந்தக் காலை வெட்டியது. சிவன் அவனைத் தொண்டர்களுக்கெல்லாம் தலைவனாக்கி, தான் சூடிய கொன்றை மாலையை அவன் தலையில் சுற்றினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் இதைக் கல்லில் பார்க்கலாம். சிவன் உட்கார்ந்து, குனிந்து பணியும் அவருடைய தலையில் மாலையைச் சுற்றுகிறார். அவ்வளவு ஆழ்ந்த பணிவு அந்த முகத்தில். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் யாரும் மறுபடி அவர் முன்னால் கைதட்டுவார்கள் என்று நான் நம்பவில்லை.

கைதட்டுகிறவருக்குப் பாவம் ஒன்றும் வராது. பயப்பட வேண்டாம். பெரியவர்கள் சொல்வது, கோயில் சொத்து எதுவும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கையையும் மெதுவாகத் துடைத்துக் காட்டினால் போதும் என்பது. நந்தி காதில் சொல்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும். நந்திக்கும் லிங்கத்துக்கும் நடுவில் நின்று மறைக்காமல் இருந்தால் சரி.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்கிறார்களே. நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

கோயில் கூட்டுவது, பூத்தொடுப்பது, விளக்கேற்றுவது சரியை. பூசை செய்வது கிரியை. மனத்தை உள்ளே நிறுத்துவது யோகம். நாலாவது ஞானம். தாயுமானவர் இவற்றை "அரும்பு மலர் காய் கனிபோல் அன்றோ பராபரமே" என்றார்.

எந்தப் படி என்று கணக்குப் பார்ப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பூத்தொடுக்கிறவரிடம் போய் "நீங்கள் இன்னும் அரும்புதான்" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வாசித்த தாயுமானவர் அவருக்கு அவ்வளவுதான் பயன்பட்டார்.

ஞானம் வந்துவிட்டால் கோயிலுக்குப் போக வேண்டாமா?

போக வேண்டும். இதுதான் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம், 12ஆவது. மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, கழன்று, அன்பரோடு கூடியவர் என்ன செய்வார்? "மாலற நேயம் மலிந்தவர் வேடமும் ஆலயம் தானும் அரன் எனத் தொழுமே." அடியாருடைய வேடத்தையும் கோயிலையும் சிவனாகவே கண்டு தொழுவார். அறியாதவன் நின்று கும்பிடுகிற அதே கருவறை வாசலில்தான் அறிந்தவரும் நிற்பார். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு படி மேலே போய், பக்கத்தில் நிற்கிற திருநீறு பூசியவனையும் சேர்த்துக் கும்பிடுவார்.

"எனக்குள்ளேயே சிவன் இருக்கிறார், கோயில் எதற்கு" என்று கேட்கிறவரிடம் இந்தச் சூத்திரத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவர் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசுகிறார்.

சரி, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எதில் தொடங்குவது?

அப்பர் ஒரு பெண்ணைப் பாடுகிறார். "முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள், மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள், பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்." முதலில் பேர், பிறகு ஆள் எப்படி, பிறகு ஊர் எது. ஒருவரிடம் மனம் போனால் யாரும் இப்படித்தான் விசாரிப்பார்கள். நீங்களும் அப்படியே போகலாம்.

உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சாமி பேர் என்ன, அம்மன் பேர் என்ன, தேவாரப் பாடல் உண்டா, யார் பாடியது என்று விசாரியுங்கள். இருந்தால் அந்த ஒரு பதிகத்தை உரையோடு படியுங்கள். பாடல் பெறாத தலம் என்றால் பெரியபுராணத்தில் கண்ணப்பரும் சுந்தரர் வரலாறும் போதும், தொடங்கிவிடலாம். சிவஞானபோதத்தைத் தனியாக எடுத்து உட்காராதீர்கள். சூத்திரத்துக்கு உரை வேண்டும், உரைக்கு ஆசிரியர் வேண்டும். திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சித்தாந்த வகுப்பு நடத்துகிறது. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று கோயிலில் ஓதுவாரைக் கேட்டால் சொல்வார். வகுப்பு கிடைக்கும் வரை கோயிலுக்குப் போவதை நிறுத்தி வைக்க வேண்டாம்.